சைக்கிள் கைப்பிடியும் மரத்துப்போகும் விரல்களும்: வாசகர் கேள்வி – பதில்

சைக்கிளைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. அவற்றுள்ளும் பல, ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் மாட்டுகிற கைப்பிடியை, கடைகளில் ‘கிரிப்’ என்று கேட்டு வாங்கும் அந்தச் சிறு உறுப்பைப் பற்றியே கேட்கின்றன. ஐந்து கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான விடை மற்றவர்களுக்கும் அடிப்படையாக அமைவதால் அது சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 46. திருவொற்றியூரிலிருந்து மணலியில் உள்ள தொழிற்சாலைக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். சென்ற ஆண்டு பழைய சைக்கிளை விட்டு, நேரான ஹேண்டில் உள்ள கியர் சைக்கிளுக்கு மாறினேன். சில மாதங்களாகப் பாதி வழி போவதற்குள் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இறங்கிக் கையை உதறினால் சரியாகிவிடுகிறது. சைக்கிளோடு வந்த கிரிப் வியர்வையில் வழுக்குகிறது, வெயிலில் நிறுத்தி எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தடித்த ஸ்பான்ஜ் கிரிப் போட்டால் மெத்தென்று இருக்கும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஐயா, எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்று நீங்கள் குறித்து எழுதியிருப்பதால் உங்களுக்குத் திட்டமாக விடை சொல்ல முடிகிறது. முழங்கையில் இடித்துக்கொண்டால் ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த அல்நார் நரம்புதான் கீழே இறங்கி, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே உள்ள ஒரு குறுகலான வழியாக விரல்களுக்குப் போகிறது. அந்த வழியை 1861-இல் விவரித்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் குயோன் என்பதால் அதற்குக் ‘குயோன் கால்வாய்’ என்றே பெயர். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது இந்த நரம்பு. நேரான ஹேண்டிலில் உடம்பின் பாரத்தைச் சாய்த்து உட்காரும்போது, உருண்டையான மெல்லிய கைப்பிடி சரியாக அந்த இடத்தில்தான் பதிகிறது. பள்ளம் மேடான சாலையின் அதிர்வும் அதே இடத்தில் இறங்குகிறது. கண்டெய்னர் லாரிகள் அரைத்துப்போட்ட உங்கள் பகுதிச் சாலைகளில் அரை மணி நேரம் இப்படி ஓட்டினால் விரல் மரத்துப்போவதில் வியப்பில்லை.

பழைய சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்ததற்குக் காரணமும் இதுவே. அதன் ஹேண்டில் ஓட்டுபவரை நோக்கிப் பின்புறமாக வளைந்திருக்கும். அதில் நிமிர்ந்து உட்காருவோம், பாரம் பெரும்பாலும் சீட்டில் இறங்கும், கை வெறுமனே திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் மட்டும் இருக்கும். புதிய சைக்கிளில் கையும் பாரம் சுமக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்பேனரையும், அறுகோண முனையுள்ள அலன் கீயையும் எடுத்து, கைமேல் இறங்கும் பாரத்தைக் குறைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கும், வழுக்காமல் தடுப்பது கைகளின் வேலையாகிவிடும். அதனால் சீட்டை மட்டமாக வையுங்கள். ஹேண்டில் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால், சீட்டின் உயரத்துக்கோ அதற்குச் சற்று மேலாகவோ ஹேண்டிலை உயர்த்த வழி இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹேண்டிலைத் தாங்கும் தண்டை மேலே இழுக்கும் வகையானால் அதில் குறித்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. டயரில் கல்போலக் காற்றடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள், உங்கள் எடைக்குப் போதுமான அளவு இருந்தால் போதும். இந்த வேலைகளுக்குச் செலவே இல்லை. இவற்றைச் செய்யாமல் எத்தனை கைப்பிடி மாற்றினாலும் பயன் பாதிதான் என்பது என் உறுதியான கருத்து.

இனி ஸ்பான்ஜ் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே யோசனையைக் கேட்டுத் தடித்த ஸ்பான்ஜ் கைப்பிடி ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் வாரம் தலையணையைப் பிடித்ததுபோல் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மிக மென்மையான பொருள் அழுத்தத்தில் முழுவதும் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பிறகு உள்ளிருக்கும் இரும்புக் குழாயேதான் உள்ளங்கையில் படுகிறது. அதோடு, பிடிமானம் குழைவாக இருப்பதால் நம்மை அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம், முன்னங்கை சோர்ந்துபோகிறது. ஐப்பசி மழை வந்ததும் அது தண்ணீரைக் குடித்து ஊறி, ஹேண்டிலில் சுழலத் தொடங்கியது. ராயபுரத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது வலக்கைப் பிடி அப்படியே திரும்பியதில் நிலைதடுமாறிக் கீழே விழப் பார்த்தேன். வியர்வையையும் மழையையும் உறிஞ்சும் ஸ்பான்ஜை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியது மென்மையைவிட அகலம். பாரத்தைத் தாங்கும் பரப்பு அகன்றால் ஒரே புள்ளியில் விழும் அழுத்தம் குறையும். மணலில் வெறுங்காலோடு குதிகாலை ஊன்றி நிற்பதற்கும், பலகைமேல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். இதற்காகவே வெளிப்புற முனையில் இறக்கைபோல் தட்டையாக விரியும் கைப்பிடிகள் விற்கப்படுகின்றன. ஜெர்மனியின் எர்கான் நிறுவனம் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது, இப்போது பல நிறுவனங்கள் இதே வடிவத்தில் செய்கின்றன. கடையில் ‘எர்கோ கிரிப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்த இறக்கை உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டை அடியிலிருந்து தாங்குகிறது, மணிக்கட்டு பின்னால் மடங்கி விழாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் இறக்கைப் பிடியின் பயன் முழுவதும் அது எந்தக் கோணத்தில் மாட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. வழக்கமாக ஓட்டுவதுபோல் சீட்டில் உட்கார்ந்து, முழங்கையைச் சற்றே மடக்கி, கையை ஹேண்டில்மேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். முன்னங்கையிலிருந்து புறங்கை வரை ஒரே கோடாக இருக்கவேண்டும். அந்த நிலையில் இறக்கை உள்ளங்கையோடு ஒட்டி இருக்குமாறு திருப்பி முடுக்கவேண்டும். இறக்கையின் பின்விளிம்பு அதிகம் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு நேராக நிற்காமல் மடங்கும், அதிகம் கீழே சாய்ந்திருந்தால் கை வழுக்கி இறங்கும். முதல் வாரம் அலன் கீயைப் பையிலேயே வைத்திருந்து, விரல்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்து இம்மியிம்மியாகத் திருத்திக்கொள்ளுங்கள். பிரேக் லீவரையும் அதே கோட்டுக்குச் சாய்த்து வைப்பது நல்லது. லீவர் கிடைமட்டமாக இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மணிக்கட்டை மடக்க நேரிடும்.

தடிமனைக் கையாலேயே அளந்துவிடலாம். நேரான ஹேண்டிலில் கைப்பிடி மாட்டும் பகுதியின் வெளிவிட்டம் பொதுவாக 22.2 மில்லிமீட்டர், பந்தயச் சைக்கிள்களின் வளைந்த ஹேண்டில்தான் 23.8 மில்லிமீட்டர், அதற்கு வேறு வகை உறை. ஆகவே உள்விட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, வெளித்தடிமனைத்தான் பார்க்கவேண்டும். கடையில் கைப்பிடியை இயல்பாகப் பிடித்துப் பாருங்கள்: நடுவிரல் நுனி பெருவிரலின் அடிச்சதையில் குத்தினால் அது உங்களுக்கு மெலிது, ஆட்காட்டி விரல் நுனியும் பெருவிரல் நுனியும் ஒன்றையொன்று எட்டவே இல்லையென்றால் அது தடிமன். நீளத்தில் வழக்கமானது 130 மில்லிமீட்டர் அளவு. உங்கள் சைக்கிளில் கியர் மாற்றுவது கைப்பிடியையொட்டித் திருகும் வகையாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் குட்டையான பிடி வேண்டும், அதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கையில் ஒட்டும் பிசுபிசுப்புக்கு வருவோம். மலிவான சைக்கிள்களோடு வருபவை பெரும்பாலும் பி.வி.சி. வகையிலோ ரப்பர்போலத் தோன்றும் மலிவுப் பிளாஸ்டிக்கிலோ ஆனவை. அவற்றை வளைய வைப்பதற்காகச் சேர்த்த குழைமப் பொருள், வெயிலிலும் வியர்வையிலும் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருவதுதான் அந்த ஒட்டல். கழுவினால் ஓரிரு நாள் தாங்கும், பிறகு திரும்பவும் ஒட்டும், மாற்றுவதே வழி. நல்ல ரப்பர்க் கலவைப் பிடி வியர்வையிலும் வழுக்காது, ஆனால் வெயிலில் கிடந்தால் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். சிலிக்கான் நுரைப் பிடி தண்ணீரைக் குடிக்காது, வெயிலைத் தாங்கும், அதிர்வையும் நன்றாக விழுங்கும். சுவரில் உராய்ந்தால் பிய்ந்துவிடுவது அதன் குறை. தினமும் தொழிற்சாலைக் கொட்டகையில் நெருக்கியடித்து நிறுத்தப்படும் சைக்கிளுக்கு அது சரிவராது என்று நினைக்கிறேன். உங்கள் நிலையில் நான் இருந்தால், நடுத்தரக் கெட்டியுள்ள ரப்பரில் ஆழமான வரிகள் வெட்டிய இறக்கைப் பிடியை, முனையில் உலோக வளையமிட்டு அலன் போல்ட்டால் முடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குவேன். மழையானாலும் வியர்வையானாலும் அது சுழலாது. ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணூர், திருவொற்றியூர்க் கடற்காற்றில் அந்தச் சிறு போல்ட்டுகள் விரைவில் துருப்பிடித்து உறைந்துபோகும். மாட்டும்போதே மரையில் ஒரு துளி கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் ஹேண்டில் குழாயில் படக் கூடாது. பிடி சுழலாத அளவுக்கு முடுக்கினால் போதும், அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அலுமினிய வளையத்தின் மரை அழிந்துவிடும்.

இத்தனையும் செய்து ஒரு மாதம் ஆன பிறகும் மரத்துப்போவது நின்றபாடில்லை என்றாலோ, சைக்கிளை விட்டு இறங்கி நெடுநேரம் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றாலோ, விரல்களை விரிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் வலு குறைந்ததுபோல் தெரிந்தாலோ, கைப்பிடியை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நரம்பு நெடுநாள் நசுங்கினால் கைத்தசைகள் மெலிந்துபோகும். தொழிற்சாலையில் கையை நம்பி வேலை செய்யும் நீங்கள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கடைகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்கச் சைக்கிள் ஓட்டுகிறேன். எனக்குப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கின்றன. இரவில் தூக்கத்திலும் விழிப்பு வந்துவிடுகிறது. கிரிப்பை மாற்றினால் சரியாகுமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அம்மா, நீங்கள் சொல்லும் மூன்று விரல்களும் வேறொரு நரம்புக்கு உரியவை. மணிக்கட்டின் நடுவே செல்லும் அந்த நரம்பு நெருக்கப்படுவதைக் கார்பல் டனல் கோளாறு என்பார்கள்; இரவில் மரத்து விழிப்பு வருவது அதன் வழக்கமான அறிகுறி. கத்தரிக்கோலும் ஊசியுமாக நாள் முழுவதும் மணிக்கட்டை மடக்கி வேலை செய்வது இதை வளர்க்கக்கூடும். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆகவே சைக்கிள்மேல் பழியைப் போட்டுவிட்டு நாள் கடத்தாமல், அரசு ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அதுவரை சைக்கிளில் கவனிக்கவேண்டியது, மணிக்கட்டு பின்னால் மடங்காமல் நேராக இருப்பது ஒன்றே. மேலே சொன்ன இறக்கைப் பிடி அதற்கு உதவும், நோயைத் தீர்க்காது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் சைக்கிளில் கிரிப் பெரிதாக இருக்கிறது. பிரேக்கைப் பிடிக்க அவள் கையை நகர்த்தவேண்டியிருக்கிறது. இடது கிரிப்பின் முனை தேய்ந்து உள்ளே குழாய் தெரிகிறது. அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் மாற்றலாமா?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, தடிமனைப் பற்றி நீங்கள் பொறுத்துக்கொள்ளலாம், அந்த முனையைப் பற்றிப் பொறுக்கக் கூடாது, அதை இன்றைக்கே மூடுங்கள். முனை திறந்த இரும்புக் குழாய், குழந்தை விழும்போது ஹேண்டில் திரும்பி வயிற்றிலோ தொடையிலோ பட்டால், மாவில் அச்சு வெட்டுவதுபோல் வெட்டிவிடும். வெளியே சிறு சிராய்ப்பாகத் தெரிந்து உள்ளே குடலோ ஈரலோ காயப்பட்டிருக்கவும் கூடும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரவரையறை ஹேண்டில் முனைகள் மூடப்பட்டிருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். குழாய்க்குள் செருகும் பிளாஸ்டிக் மூடி எந்தச் சைக்கிள் கடையிலும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். கையால் இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும்.

பிறகு, சிறுவர்களுக்கென்று விற்கும் மெலிந்த பிடியாகப் பார்த்து இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பிடி மெலிந்தாலே பிரேக் எட்டும் தூரமும் குறைந்துவிடும். பல பிரேக் லீவர்களில், அடிப்பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதை உள்ளே திருகினால் லீவர் ஹேண்டிலை நோக்கி நெருங்கி வரும். கையை நகர்த்தாமலே உங்கள் மகளின் இரண்டு விரல்கள் லீவரை வளைத்துப் பிடிக்கும் அளவுக்கு அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; அதன் பிறகு முழுவதும் அழுத்தினாலும் லீவர் ஹேண்டிலை முட்டாமல் பிரேக் பிடிக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துப் பெட்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறேன். கம்பி பிரேக் உள்ள பழைய பெரிய சைக்கிள். ஐஸ் தண்ணீரும் மீன் பசையுமாக எந்தக் கிரிப் போட்டாலும் மூன்று மாதத்தில் சுழல்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு மீன் வியாபாரி, காசிமேடு

பதில்: ஐயா, உங்கள் சைக்கிளை மாற்றிவிடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். 1949-இல் தொடங்கி அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் முதல் எத்தனையோ நிறுவனங்கள் இந்த வகைச் சைக்கிளைச் செய்து குவித்ததற்குக் காரணம், பெரும் பாரம் ஏற்றி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட இதைப்போல் வேறில்லை என்பதுதான். பின்னால் வளைந்த ஹேண்டிலில் மணிக்கட்டு இயல்பாக நிற்பதால், நுட்பமான வடிவங்கள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. கம்பி பிரேக்கின் லீவர் ஹேண்டிலை ஒட்டியே ஓடுவதால் இறக்கைப் பிடி மாட்டவும் இடம் போதாது.

உங்கள் தொல்லைக்கு வேர் கைப்பிடிக்கு உள்ளே இருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பொடிப்பொடியாக உதிர்ந்து கைப்பிடிக்கும் குழாய்க்கும் நடுவே மணல்போல் நிற்பதால், எந்த ரப்பரும் அதன்மேல் உருளத்தான் செய்யும். பழைய பிடியை அறுத்து எடுத்துவிட்டு, குழாயை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வளையம் வளையமாகக் கோடு வெட்டிய கெட்டி ரப்பர்ப் பிடியை வாங்கி, உள்ளே சிறிது ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றி, ஒரே மூச்சில் தள்ளிவிடுங்கள். ஸ்பிரிட் உள்ளே இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகும், ஆவியானதும் பிடித்துக்கொள்ளும். இரவு முழுவதும் காயவிட்டுக் காலையில் எடுங்கள். சோப்புத் தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ போட்டு ஏற்றினால் அந்த வழவழப்பு உள்ளேயே தங்கிவிடும். கடைசியாக, பிடியின் உள்முனையில், அதாவது பெருவிரல் இருக்கும் பக்கம், மெல்லிய கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, முறுக்கிய முனையை விரலில் குத்தாதபடி அடியில் மடக்கிவிட்டால் சுழலவும் செய்யாது, தண்ணீரும் அவ்வளவாக இறங்காது.

கைவசம் பணம் இல்லாத நாளில், பஞ்சரான பழைய டியூபை ஒரு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, முனையிலிருந்து தொடங்கி இழுத்து இழுத்து ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுவது நம் பெரியவர்கள் செய்த வழி; அந்த ஏற்ற இறக்கமே ஈரக் கைக்கு நல்ல பிடிமானம் தரும். துணியோ சணல் கயிறோ சுற்றவேண்டாம். மீன் வாடை அதில் ஏறினால் போகவே போகாது, கையில் உள்ள சிறு வெட்டுக்காயங்களுக்கும் அது நல்லதில்லை. வேலை முடிந்து சைக்கிளைக் கழுவும்போது கைப்பிடியையும் நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றிக் கழுவி விடுங்கள்.

கேள்வி: புதிய கிரிப்பை மாட்டும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அறுக்காமல் எடுக்க முடியுமா?
— ஒரு மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: முடியும், தம்பி. முனை மழுங்கிய பழைய ஸ்போக் கம்பி ஒன்றை எடுத்து, கைப்பிடிக்கும் ஹேண்டிலுக்கும் இடையே மெல்லச் செருகி, அந்த இடைவெளியில் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி கம்பியைச் சுற்றிலும் நகர்த்திக்கொண்டு வாருங்கள். சுற்று முடிந்ததும் கைப்பிடியை முறுக்கினால் சுழலத் தொடங்கும். சுழன்றுவிட்டால், முறுக்கிக்கொண்டே முன்னே தள்ளவும் செய்யலாம், வெளியே இழுக்கவும் செய்யலாம். ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள், ஆகையால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். மாட்டி முடித்த அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டும் கிளம்பிவிடாதீர்கள்.